அம்மனுக்கு ஒரு குவெரி

என் அம்மா நாகம்மா கறி தின்பதை நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் நான் செய்த காரியத்துக்கு என்னைத் திட்ட மாட்டீர்கள். கெலமங்கலம் சந்தையிலிருந்து தொடைக்கறி வந்துவிட்டால், அம்மியைக் கழுவும்போதே அவள் முகம் மாறிவிடும். மிக்ஸியில் அரைத்ததை மசாலா என்று ஒத்துக்கொள்ளவே மாட்டாள். களி உருண்டையில் குழி பறித்து, குழம்பை ஊற்றி, முதல் துண்டை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்றாலும், "செத்த இரு, இந்த எலும்ப முடிச்சுட்டு வரேன்" என்பாள். நல்லி எலும்பை அவள் உறிஞ்சுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

அப்படிப்பட்டவள் கறியை விட்டுவிட்டாள். அப்பாவுக்கு நோய் என்று தெரிந்த வாரமே ஏரிக்கரை மாரியம்மன் முன்னால் ஈரப்புடவையோடு நின்று, "இவருக்கு வந்தது போற வரைக்கும் நான் கவுச்சி தொடமாட்டேன் தாயே" என்று வேண்டிக்கொண்டாள். மீன் கிடையாது, கருவாடு கிடையாது, முட்டைகூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் ஜன்னலைச் சாத்துவாள். சாத்திவிட்டு அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வாள். 

அப்பா பெயர் முனிவேல். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ரோஜாவும் தக்காளியும் போடுகிறவர். கழுத்தில் ஒரு கட்டி, அக்குளில் இன்னொன்று என்று ஆரம்பித்து, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஃபாலிகுலர் லிம்போமா என்று ரிப்போர்ட் வந்தது. நெறிகட்டுகிற இடங்களில் வரும் புற்றுநோய். அதிலும் நிதானமாக நடக்கிற வகை.

இங்கேதான் என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் சுகுணா, ஓசூரில் ஒரு கம்பெனியில் மெடிக்கல் கோடர். அமெரிக்காவில் ஒருவருக்கு நோய் வந்தால் அங்கே டாக்டர் சார்ட்டில் பக்கம் பக்கமாக எழுதுவார். அதை இங்கே நாங்கள் படித்து, அந்த நோய்க்கு உண்டான எண்ணைப் போடுவோம். அதைத்தான் கோடு என்கிறோம். நான் இருப்பது ரத்தப் புற்றுநோய் டீம். அதனால் அப்பாவின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அழுவதற்கு முன்னாடியே மனசுக்குள் கோடு போட்டுவிட்டேன். C82.08. ஃபாலிகுலர் லிம்போமா, கிரேடு ஒன்று, பல இடங்களில். போட்டு முடித்த பிறகுதான் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மருந்து ஏற்றினார்கள். அப்பாவுக்கு முடி கொட்டி மறுபடி முளைத்தது. கட்டிகள் கரைந்தன. கடைசி ஸ்கேன் பார்த்த அன்று நாங்கள் மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் சிக்கலான கேள்வி வந்தால் கன்னடத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார்.

"டாக்டரு, இவருக்கு வந்தது போயிருச்சுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ஏனூ தொந்தரெ இல்லம்மா. ரெமிஷன் ஆகியிருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. போயிருச்சா இல்லியா?"

"அது அடங்கியிருக்கும்மா. தூங்குது அப்படின்னு வெச்சுக்கோங்க. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல. ஆறு மாசம் விட்டு வாங்க, நோடோணா, பாக்கலாம்."

அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஓசூருக்குள் நுழையும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "தூங்கற பாம்பும் ஊட்டுக்குள்ளதானே கெடக்குது?" என்றாள். அவ்வளவுதான். விரதம் தொடர்ந்தது.

நான் சும்மா விடவில்லை. "ரெமிஷன்னா நல்ல செய்திம்மா, நீ கறி தின்னலாம்மா" என்று எத்தனையோ தரம் கெஞ்சினேன். அவள் ஒரே பிடியாக, "அப்ப இல்லன்னு உன் வாயால சொல்லு" என்பாள். அதை மட்டும் நான் சொல்ல முடியாது. ஏனென்றால் இந்த நோய்க்குக் கோடு போடுவதில் எங்கள் விதி அப்படி. லிம்போமா அடங்கியிருந்தாலும் 'முன்னாடி இருந்தது, இப்போது இல்லை' என்று பழையதாக ஒதுக்கக் கூடாது. அதே C82-தான். கடைசியில் இருக்கிற எட்டை எடுத்துவிட்டு A என்று ஒரு எழுத்தைப் போடுவோம், அவ்வளவுதான். டாக்டர் எழுதாததை நான் எப்படிச் சொல்வது? ஊரில் எல்லாரிடமும் பொய் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஒரு சார்ட்டுக்கு எதிராக இதுவரை பொய் சொன்னதில்லை.

இந்த லட்சணத்தில்தான் ஒரு சனிக்கிழமை குருபரப்பள்ளியில் அப்பாவைப் பிடித்தேன். கிருஷ்ணகிரியில் தோழி வீட்டு விசேஷம் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ரோட்டோரத்தில் கௌஸ் மொய்தீன் மாமாவின் பிரியாணிக் கடை வாசலில் எங்கள் வீட்டு மொபெட் நின்றது. கௌஸ் மாமா அப்பாவின் பழைய சிநேகிதர். அப்பாவை மச்சான் என்றும் அம்மாவைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவார். நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கண்டக்டர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளே கடைசி மேஜையில் அப்பா ஒரு முழு ஆட்டுக்கால் எலும்போடு போராடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எலும்பை வெங்காயப் பச்சடிக்குள் ஒளிக்கப் பார்த்தார்.

"என்னாப்பா இது?"

"ஒடம்புக்குத் தெம்பு வேணும்னு டாக்டரு சொன்னாருல்ல பாப்பா."

"ஊட்டுல ஒருத்தி உனக்காக ரசத்தக் குடிச்சுக்கிட்டு கெடக்கறா. நீ இங்க வந்து எலும்பு கடிக்கிறியா? உனக்கே நல்லாருக்குதா?"

கௌஸ் மாமா கல்லாவிலிருந்து ஓடி வந்தார். "மாமா மேல கோவிச்சுக்காத மா. நான்தான் கூப்ட்டேன். மச்சான் சாப்புடும்போதெல்லாம் தங்கச்சிய நெனச்சுத்தான் சாப்புடுறாப்புல."

"நெனச்சுக்கிட்டே எத்தன பிளேட்டு மாமா?"

அவர் மறுபடி கல்லாவுக்கே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே ஒரு பிளேட் மட்டன் பிரியாணி வாங்கி, அப்பா எதிரிலேயே உட்கார்ந்து தின்றேன். வயிறு நிறைந்தது, ஆத்திரம் குறையவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸில் அந்த ஆத்திரத்தை ஒரு அமெரிக்க டாக்டர்மேல் காட்டிவிட்டேன். அவர் சார்ட்டில் நோயாளி மீன் பிடிக்கப் போன கதையையெல்லாம் எழுதியிருந்தார். அவருக்கு வந்த லிம்போமா இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் டாக்டருக்கு ஒரு கேள்வி அனுப்புவோம். அதற்குக் குவெரி என்று பெயர். நான் அனுப்பிய குவெரி இப்படி: 'நோயாளிக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மீன் வேறு பிடிக்கிறார். ரெமிஷன் என்று எழுதுவதற்கு உங்களுக்கு என்ன தடை?'

ஹரீஷ்குமார் கூப்பிட்டனுப்பினார். எங்கள் வேலையைத் தணிக்கை செய்கிறவர், தொரப்பள்ளிக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவரிடம் திட்டு வாங்கினால் ரொம்ப வலிக்கும்.

"சுகுணா, இது குவெரியா, மொட்டைக் கடுதாசியா?"

"அவரு எழுத மாட்டேங்கறாரு சார்."

"எழுத வைக்கறது நம்ம வேலை இல்லம்மா. சார்ட்ல என்ன இருக்குதுன்னு எடுத்து வைங்க. எல்லா ஆப்ஷனும் குடுங்க. 'வேற ஏதாவது', 'சொல்ல முடியாது', ரெண்டையும் சேத்துக் குடுங்க. பதில நாமளே ஊட்டி விட்டா அது லீடிங். வேலையே போயிரும்."

"அவரு எழுதினதுலயே ஒரு வரி மாத்திட்டா முடிஞ்சுருமே சார்."

"யாரு மாத்தறது? நீங்களா? சார்ட்ட எழுதினவருதான் மாத்தணும். அதுவும் அடிச்சு எழுதக் கூடாது, கீழ அடெண்டம்னு தனியா சேத்து எழுதணும். சார்ட்ல இல்லாதது நடக்கவே இல்ல. இதெல்லாம் முதல் நாள் கிளாஸ்ல சொன்னதுதானே?"

தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு யோசனை பிறந்தது. அப்பா வாயால் 'இல்லை' என்று வந்துவிட்டால் அம்மா நம்புவாள். நோயாளியே சொல்லிவிட்டானே! ஆக, அப்பாவுக்கே ஒரு குவெரி போட வேண்டும். அதுவும் ஹரீஷ்குமாரே குறை சொல்ல முடியாதபடி முறையாகப் போட வேண்டும்.

மறுநாள் காலை ரோஜாத் தோட்டத்தில் அப்பாவை மறித்தேன். அவர் கத்திரியும் கூடையுமாக நின்றார்.

"நோயாளி போன வாரம் பதினஞ்சு தக்காளிப் பெட்டியத் தனியா தூக்கினாரு. குருபரப்பள்ளியில ஆட்டுக்கால் தின்னாரு. மாமியாரு ஊட்டு விசேசத்துல சண்ட போட்டு ஜெயிச்சாரு" என்று ஒப்பித்தேன். "இதையெல்லாம் வெச்சுப் பாத்தா, நோயோட நெலம என்னா? ஒண்ணு, இருக்குது. ரெண்டு, அடங்கியிருக்குது. மூணு, இல்ல. நாலு, வேற ஏதாவது. அஞ்சு, சொல்ல முடியாது."

அப்பா ஒரு ரோஜாவை வெட்டி, முள்ளைத் தட்டி, கூடையில் வைத்தார். "அஞ்சு" என்றார்.

எனக்கு மூக்கு விடைத்தது. "அஞ்சா? ஏம்பா, நோயாளியா இருக்கறது உனக்குச் சொகமா இருக்குதா? பெரியப்பா வரப்புச் சண்டைய விட்டுட்டாரு. பஸ்ல எழுந்து எடம் குடுக்கறாங்க. அத்தனையும் போயிரும்னு பாக்கறியா?"

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கத்திரியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நான் இல்லன்னு சொல்றேன், வெச்சுக்க. அவ அன்னிக்கே கறி தின்னுருவா. நாளைக்கு அது முழிச்சுக்கிட்டு மறுபடி வந்துச்சுன்னா? நான் கறி தின்னதாலதான் இவருக்கு வந்துச்சுன்னு சாகற வரைக்கும் நெனச்சுக்குவா பாப்பா. நோயிகூட ஒரு தடவதான் கொல்லும். இது அவளத் தெனமும் கொல்லும். உங்கம்மாவ எனக்குத் தெரியாதா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற விஷயம் அது. பிரியாணிக்காக அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன், பின்னால் உதவும் என்று.

"அப்ப யாரு சொன்னா அவ மேல பழி வராது?" என்று கேட்டேன்.

அப்பா ஏரிக்கரைப் பக்கம் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர் மாரியம்மனிடம் பூ கேட்பது வழக்கம். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம், ஒன்றில் சிவப்புப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ. அம்மன் காலடியில் வைத்துப் பூஜை போட்டு, வேண்டிக்கொண்டவர் ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் அம்மன் சரி என்றுவிட்டாள். வெள்ளை வந்தால் இன்னும் பொறு என்று அர்த்தம். கல்யாணம், போர்வெல், கோர்ட்டுக் கேஸ் எல்லாம் இங்கே இப்படித்தான் முடிவாகும்.

"கேக்கலாம். ஆனா வெள்ளை வந்துட்டா?" என்றார் அப்பா.

"வராது" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, இதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல அடுத்த செடிக்குப் போய்விட்டார். போகிற போக்கில் ஒரு சிவப்பு ரோஜாவை வெட்டி என் கையில் போட்டார். இன்னொரு சிவப்பு ரோஜாவையும் போட்டார்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் உடனே சம்மதித்தாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் வலித்தது. "எனக்கும் கேக்கணும்னு இருந்துச்சு. வெள்ளை வந்துருமோன்னு பயந்துக்கிட்டே இருந்துட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தோம். வெள்ளிக்கிழமை என்றால் சிவப்பு வந்தாலும் அன்றைக்குக் கறி ஆக்க முடியாதே! பூவை நான் கொண்டுவருகிறேன் என்று பூசாரி திம்மராயப்பனிடம் முன்னாடியே சொல்லிவிட்டேன். கௌஸ் மாமாவுக்கு ஒரு போன் போட்டு, நல்ல தொடைக்கறியாக வாங்கி வரச் சொன்னேன். "சிவப்பு வரும்னு உனக்கு எப்புடி மா தெரியும்?" என்று கேட்டார். "நம்பிக்கை மாமா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு ரோஜாவைத்தான் மடித்தேன். ஒரு அமெரிக்க டாக்டருக்குப் பதிலை ஊட்டிவிட்டதற்கு வாங்கிய திட்டு ஆறுவதற்குள் மாரியம்மனுக்கே ஊட்டிவிடப் போகிறேன் என்று தோன்றியது. தோன்றினால் என்ன? அம்மனுக்குத் தணிக்கை செய்ய ஹரீஷ்குமார் வரப்போவதில்லை.

கோயிலில் கூட்டம் இல்லை. திம்மராயப்பன் பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்து, மணியடித்து, கற்பூரம் காட்டினார். அம்மா ஈரத்தலையோடு நின்றாள். அப்பா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கை நீளும், பின்வாங்கும், மறுபடி நீளும். கடைசியில் இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள்.

"பாத்தியா, சிவப்பு!" என்று நான் கத்திவிட்டேன்.

பொட்டலம் இன்னும் பிரியவே இல்லை.

அப்பா தூணில் நெற்றியை முட்டிக்கொண்டார். திம்மராயப்பன் மணியைக் கீழே வைத்தார். அம்மா மெதுவாகப் பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்பு ரோஜா. அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே கௌஸ் மாமா வண்டியில் சாய்ந்து, கையில் ரத்தம் கசிகிற பையோடு, நல்ல சேதிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொட்டலத்தையும் எடுங்க பூசாரி" என்றாள் அம்மா.

திம்மராயப்பன் எடுத்துப் பிரித்தார். அதுவும் சிவப்பு.

"அடிப்பாவி!" என்று கத்தினார். "அம்மங்கிட்டயே வெளையாட்டா? கண்ணு அவிஞ்சு போயிரும் பாப்பா!"

"நீங்க சும்மா இருங்க பூசாரி" என்றாள் அம்மா. அந்தக் குரலில் அவரும் சும்மா ஆனார். அவள் அம்மன் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். "இங்க வாடி. ஒக்காரு. இப்ப எனக்கு நேரா பதில் சொல்லு. உங்கப்பனுக்கு வந்தது எப்பத்தான் போவும்?"

இனிமேல் மழுப்ப இடமில்லை. "போகாதும்மா" என்றேன். "தூங்கும். சில பேருக்குப் பத்து வருசம் தூங்கும். சில பேருக்குக் கடைசி வரைக்கும் முழிக்காது. முழிச்சா மறுபடி மருந்து குடுப்பாங்க, மறுபடி தூங்கும். இந்த நோயில போயிருச்சுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க. எங்க புஸ்தகத்துலயும் அதே நம்பர்தான், கடைசியில ஒரு எழுத்துத்தான் மாறும்."

"நான் கறி தின்னா முழிக்குமா?"

"நீ தின்னதால முழிக்காது. தின்னாம இருந்தா முழிக்காதுன்னும் சொல்ல முடியாது. அதுக்கும் உன் கொளம்புக்கும் சம்பந்தமே கெடையாதும்மா."

அம்மாவின் குரல் உடைந்திருந்தது.

"அப்ப போகவே போகாத ஒண்ண, போவட்டும் போவட்டும்னு நான் வேண்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அப்பனும் மகளும் பாத்துக்கிட்டே இருந்தீங்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல. நான் என்னா கொழந்தையா?"

அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ பயந்துக்குவேன்னு..."

"நான் எப்பப் பயப்படல? கட்டியப் பாத்த அன்னிலேருந்து பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன். தெரிஞ்சு பயந்துட்டுப் போறேன்!"

அவள் அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது. டாக்டரைக் கேட்டேன், அப்பாவைக் கேட்டேன், அம்மனைக்கூட விட்டுவைக்கவில்லை. வேண்டிக்கொண்டவள் இவள். இவளை மட்டும் நான் எதுவும் கேட்கவே இல்லை.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அம்மனுக்கு நேராக நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"தாயே, அன்னிக்குத் தெரியாம வேண்டிக்கிட்டேன். போற வரைக்கும்னு சொன்னேன். இது போற ரகம் இல்லையாம், தூங்கற ரகமாம். வேண்டினதும் நான்தான், மாத்தறதும் நான்தான். அது தூங்கற வரைக்கும் நான் திங்கறேன். முழிச்சுக்கிச்சுன்னா அன்னிக்கு நிறுத்திக்கறேன். முழிக்காமப் பாத்துக்கறது உன் பொறுப்பு."

அடெண்டம்! ஹரீஷ்குமார் சொன்ன அதே மாதிரி. பழையதை அடிக்கவில்லை, எழுதியவளே கீழே சேர்த்துவிட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு தாயே. நோயி அவரோடது. இத்தன நாளா விரதத்த நான் சொமந்தேன். இனிமே அவரே சொமக்கட்டும்."

அப்பா துள்ளி எழுந்தார். "ஏய்! என்னக் கேக்காம வேண்டிக்கிட்டா எப்புடி?"

"என்னக் கேட்டுக்கிட்டா உனக்கு நோயி வந்துச்சு?" அம்மா திரும்பினாள். "குருபரப்பள்ளியில தின்னது பத்தாதா? சட்டையெல்லாம் பட்டை கிராம்பு வாசத்தோட வந்து நின்னுக்கிட்டு, ரசம் ஊத்து நாகம்மான்னு கேப்பியே, அப்ப எனக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியா?"

வாசலில் கௌஸ் மாமா சத்தமில்லாமல் பையை வண்டிச் சீட்டில் வைத்துவிட்டு, தான் ஏதோ வழிப்போக்கன் என்பதுபோல ஏரியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அண்ணே, அந்தப் பைய இப்புடிக் குடுங்க. எங்க பாக்கறீங்க?" என்றாள் அம்மா.

கிளம்பும்போது திம்மராயப்பன் என்னைத் தனியாக நிறுத்தி, மூன்று வாரம் கோயில் வாசல் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று தண்டனை கொடுத்தார். ஒத்துக்கொண்டேன். அம்மன் முகத்தை ஒருதரம் பார்த்தேன். அவள் என்மேல் கோபமாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் எங்கள் வீட்டில் அம்மி அரைபடுகிற சத்தம் கேட்டது. கௌஸ் மாமா இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அம்மா பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அப்பாவின் தட்டில் களி, கீரை மசியல், ஓரத்தில் ஊறுகாய். எங்கள் தட்டில் களி, கறிக்குழம்பு. அப்பா தன் தட்டையும் எங்கள் தட்டையும் மாறி மாறிப் பார்த்து, "இந்தக் கீரைய யாருடி கண்டுபுடிச்சது?" என்றார்.

அம்மா களியில் குழி பறித்தாள். குழம்பை ஊற்றினாள். முதல் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"காரம் ஜாஸ்தியாயிருச்சு" என்றாள்.

அப்பா தன் சொம்பை அவள் பக்கம் தள்ளினார். பிறகு கீரையை மறந்துவிட்டு அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். குருபரப்பள்ளியில்கூட அவர் முகத்தில் அவ்வளவு ஆசையை நான் பார்த்ததில்லை. அது கறிமேல் இருந்த ஆசை இல்லை. அம்மா நல்லி எலும்பை எடுத்து உறிஞ்சினாள். அந்தச் சத்தத்தை நாங்கள் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம்.

மூன்றாவது உருண்டை முடிகிற நேரம். அம்மா சட்டியைத் துழாவி இன்னொரு நல்லி எலும்பை எடுத்தாள். அம்மன் கோயில் இருக்கிற திசையை ஒருதரம் பார்த்தாள். கௌஸ் மாமாவைப் பார்த்தாள். அவர் சட்டென்று மேலே மின்விசிறியைப் பார்த்தார். அம்மா அந்த எலும்பை அப்பாவின் கீரைக்கு அடியில் செருகி, கீரையை மேலே இழுத்து மூடிவிட்டாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "என்னாடி பாக்கற?"

"நான் ஒண்ணும் பாக்கலியே" என்றேன். சார்ட்டில் இல்லாதது நடக்கவே இல்லை.